ஆடி பிறப்பதற்குள் ஒரு வீடு

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்காரம்மா இன்று பெரிய மனசு பண்ணி எங்கள் வாசல் வரைக்கும் நடந்து வந்தார். வாடகை கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மாவுக் கையோடு வெளியே போனேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே வயிற்றைப் பார்த்தார். நாலு மாதம்தான் ஆகிறது, நைட்டி போட்டால் வெளியே தெரியாது. ஆனால் ஒன்பது வீட்டுக்கு ஒரே சுவரும் இரண்டு கக்கூஸும் இருக்கிற லைன் வீட்டில் எதைத்தான் மறைக்க முடியும்? காலையில் நான் வாந்தி எடுக்கிற சத்தம் அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“ஏனம்மிணி, விசேஷமாட்ட இருக்குது?”

“ஆமாங்க்கா.”

“சந்தோசம். ஆனா வீடு உடறப்பவே சொல்லிப்போட்டேன், ஒரு வீட்டுக்கு மூணு உருப்படிதான். தண்ணி பத்தறதில்ல. பாப்பா பொறக்கறதுக்குள்ள வேற பக்கம் பாத்துக்குங்க.”

உருப்படி! சலவைக்குப் போடுகிற துணியா நாங்கள்? “பச்சப் புள்ள எத்தன கொடம் தண்ணிங்க்கா குடிச்சுப்போடும்?” என்று கேட்டேன். “பீத்துணி தொவைக்க மாட்டயா?” என்றார். மாவுக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டு நின்றதுதான் இன்னும் எரிகிறது.

என் வீட்டுக்காரர் பூபதி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவ்வளவையும் கேட்டுவிட்டு, அந்த அம்மாள் போன பிறகு வெளியே வந்து, “என்னவாமா?” என்கிறார். கேட்கிற கேள்வியைப் பாரு.

“ம்… ஆரத்தி எடுக்க வந்துச்சு” என்றேன்.

ஜூன் 23, திங்கள்

இந்த டைரி, பனியனுக்கு நூல் விற்கிற ஏஜென்ட் ஜனவரியில் ஆபீசுக்குக் கொடுத்தது. ஆறு மாதம் சும்மா கிடந்தது. எனக்கு யாரையாவது திட்ட வேண்டும். வீட்டில் திட்டினால் பக்கத்து வீடுகளுக்கு இலவச நாடகம். அதனால் இனி இதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, ஆபீசில் சாப்பாட்டு நேரத்திலோ வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகோ இதில் திட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடுகிறவள் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் யாரும் என்ன ஏதென்று கேட்கமாட்டார்கள்.

இன்று தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். ஊறுகாய் மட்டும் தின்றேன்.

ஜூன் 25, புதன்

மூணு உருப்படி. மூணு உருப்படி. மூணு உருப்படி.

ஜூன் 29, ஞாயிறு

வீடு பார்க்கப் போனோம். பெருமாநல்லூர் தாண்டி, புது லே-அவுட். இவர் வேலை பார்க்கிற நிட்டிங் கம்பெனியில் யாரோ சொல்லி, புரோக்கர் அழைத்துப் போனான். அத்தை வெள்ளகோயிலிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அத்தை என்றால் இவருடைய அம்மா. அங்கே சின்ன மகனோடு இருக்கிறார். பெரிய மகன் வீடு வாங்குகிறான் என்றால் விடுவாரா?

இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், தனியாகச் சமையலறை. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. எனக்கு ஒன்றும் அவ்வளவாகப் பிடித்துவிடவில்லை. சமையல் மேடை கொஞ்சம் உயரம். ஜன்னல் கிழக்குப் பார்த்து இருப்பதால் காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். கிரைண்டர் வைக்க இடம் இருக்கிறதா என்று சாண் போட்டுப் பார்த்தேன், இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் குக்கர் அடுக்க ஒரு பலகை அடித்தால் போதும். சின்ன ரூமில் தொட்டில் கட்டக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, அடித்துக்கொள்ளலாம். சும்மாதான் பார்த்தேன்.

மகள் வர்ணிகா கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. தண்ணீர் இழுத்துவிடுகிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. “என்னடி பண்ற?” என்றால், “இங்க யாருமே கதவத் தட்டறதில்லம்மா” என்றாள். ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

கட்டி விற்கிறவர் பேர் சென்னியப்பன். மரியாதையான மனிதர்தான். “யார் பேர்லீங்க எழுதறது?” என்று பொதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார்:

“பூபதி பேர்லதானுங்க. இது ஆயில்ய நட்சத்திரம். இது பேர்ல சொத்து எழுதுனா மாமியாளுக்கு ஆகாதுங்க.”

‘இது’ என்பது நான். அந்நிய மனிதர் முன்னால், புரோக்கர் முன்னால், புதுச் சுண்ணாம்பு வாசம் அடிக்கிற ஹாலில் வைத்து. கல்யாணமாகி ஏழு வருஷமாக என் நட்சத்திரம் அத்தையின் தலைவலி, முட்டிவலி, மாடு கன்று போடாதது எல்லாவற்றுக்கும் காரணமாக இருந்தாயிற்று. இப்போது பத்திரத்துக்கும் வந்துவிட்டது. சென்னியப்பன் மெதுவாக மேலே மின்விசிறிக் கொக்கியைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் என் பேரில்தான் வேண்டும் என்று ஆசை இல்லை. யார் பேரில் இருந்தால் என்ன, சுவர் சுவர்தானே.

ஜூலை 1, செவ்வாய்

நான் இவரோடு பேசவில்லை. காரணம் எழுதுகிறேன், நாளைக்கு மறந்துபோய்ச் சமாதானமாகிவிடக் கூடாது.

பேங்க்கில் இவருக்கு லோன் கிடையாது. நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவருக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு. சம்பளச் சீட்டு இல்லை, பி.எஃப் இல்லை. என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார், ஆனால் காகிதத்தில் இவர் சம்பாதிக்கவே இல்லை. சம்பளச் சீட்டு இருக்கிற ஒரே ஆள் நான். அதனால் ஹவுசிங் பைனான்ஸில் என் சம்பளத்தைக் காட்டி இருபது லட்சம் கேட்பதாகத் திட்டம். மாதாமாதம் தவணை என் சம்பளத்தில் முக்கால்வாசி. இவர் கூலியில் சாப்பாடு, ஸ்கூல் பீஸ், மற்றதெல்லாம். பனியனுக்கு ஆர்டர் இருக்கிற வரைக்கும் ஓடும்.

சரி, கஷ்டப்பட்டால் முடியும் என்று நான் சொன்னேன். அதற்கு அத்தை, ஊருக்குத் திரும்பப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சொல்கிறார்: “ரெண்டாவதும் பொறந்துட்டா கோகிலா வேலைக்குப் போகோணும்னு இல்ல. ரெண்டு புள்ளைகளப் பாக்கறதே பெரிய வேல.”

பாருங்கள் நியாயத்தை. லோன் என் சம்பளத்தில். பேர் இவர் பேரில். வேலையை நான் விட வேண்டும். விட்டால் தவணையை யார் கட்டுவது? ஆயில்யம் கட்டுமா?

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். “அம்மா அப்புடித்தான் பேசும், நீ ஏன் மனசுல வெக்கற? அப்பறம் பாத்துக்கலாம்.”

அப்புறம் பார்த்துக்கலாம். பல் விளக்குகிற மாதிரி தினமும் சொல்கிறார் இதை. எந்த அப்புறம்? யார் பார்ப்பது?

ஜூலை 2, புதன்

கத்திரிக்காய் குழம்பு. உப்பு அதிகம். வேண்டுமென்றே போடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஆடி பிறந்தால் ஒரு மாதம் நல்ல காரியம் கிடையாது, அதற்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று புரோக்கர் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். லோன் உண்டா இல்லையா என்று தெரிவதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்கிற குடும்பம் உலகத்தில் இருக்குமா? இருக்கிறது. எங்கள் குடும்பம்.

“லோன் ஓகே ஆகட்டும் மாமா, அப்பறம் குடுக்கலாம்” என்று இவரிடம் சொன்னேன்.

“ஆடிக்குள்ள குடுக்கோணும் கோகிலா.”

“ஆடியா நமக்கு லோன் குடுக்குது?”

என் செயினும் நான்கு வளையலும் அடகுக்கடைக்குப் போயின. நல்ல நேரம் பார்த்து வைத்தார்களாம், அடகுக்கு! சென்னியப்பன் பத்திரத்தாளில் அக்ரிமெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்குபவர்: பூபதி. சாட்சி: நான். இரண்டு மாதத்தில் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று அதில் இருக்கிறது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

கை லேசாக இருக்கிறது. கீபோர்டு தட்டும்போது வளையல் சத்தம் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

அத்தை வந்து தங்கியிருக்கிறார். பைனான்ஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம், பெரியவர்கள் இருந்தால் மதிப்பாக இருக்குமாம். ஒரு ரூமில் நாலு பேர். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று நாலு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 9, புதன்

அழுத்தி எழுதுகிறேன். பேனா தாளைக் கிழிக்கிறது, கிழிக்கட்டும்.

காலையில் பைனான்ஸ்காரர் வந்தார். பேர் அருள்முருகன், முப்பது முப்பத்தைந்து இருக்கும், அமைதியாகப் பேசுகிறவர். நான் பர்மிஷன் போட்டு வீட்டில் இருந்தேன். அத்தை பட்டுச்சேலை கட்டி, திருநீறு பூசி, கட்டிலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அருள்முருகன் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் பார்த்தார். என் சம்பளச் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “மேடம் சம்பளம் கரெக்டா வருதுங்க, நல்ல ரெக்கார்டு” என்றார். நான் டீ போடத் திரும்பினேன். அடுப்பு இரண்டடியில்தான் இருக்கிறது, எல்லாம் காதில் விழும்.

“பேத்திய யாருங்கம்மா பாத்துக்கறாங்க? மருமக வேலைக்குப் போயிர்றாங்களே” என்று அத்தையிடம் ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

அவ்வளவுதான். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஐய, என்ற மருமகள வேலைக்கு அனுப்பித்தான் கஞ்சி குடிக்கோணும்னு எங்களுக்கு இல்லீங்க. என்னமோ பொழுதுபோகாம போய்ட்டு வருது. ரெண்டாவது பொறந்துட்டா நிறுத்திப்போடுவம். பொம்பள சம்பாத்தியத்துல வீடு வாங்கற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க. என்ற பையன் இருக்கறான்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

“ரெண்டாவதா? எத்தன மாசங்க மேடம்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

“அஞ்சாவது. ஆனா நான் வேலைய விடமாட்டேன் சார்.”

“சரிங்க மேடம்.”

“விடவே மாட்டேன் சார்.”

“சரிங்க மேடம், சரிங்க.” பேனா நிற்கவில்லை.

இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. ‘அம்மா தெரியாமல் சொல்கிறது சார்’ என்று ஒரே ஒரு வார்த்தை. இவர் தரையில் ஏதோ காணாமல் போன மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் டீ குடிக்காமல் போய்விட்டார். அத்தை சொல்கிறார்: “நல்ல பையன். நம்ம கௌரவமான குடும்பம்னு தெரிஞ்சிருக்கும்.”

பொழுதுபோகாமல்! விடிவதற்குள் எழுந்து குடம் வைத்து, பிள்ளையைக் கிளப்பி, இரண்டு பஸ் மாறி, மத்தியானம் நின்றுகொண்டே தின்று, ஊர்ப்பட்ட பேருக்குச் சம்பளம் போட்டுவிட்டு வருகிறேனே, பொழுதுபோகாமலா? பொழுது எங்கே இருக்கிறது என்னிடம், போவதற்கு?

ஜூலை 10, வியாழன்

பைனான்ஸிலிருந்து போன் வந்தது. வருமானம் தொடருமா என்பதில் சந்தேகம் இருக்கிறதாம். என் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க முடியாதாம். இவர் கூலியை வைத்து வேண்டுமானால் ஆறு லட்சம் தரலாமாம்.

ஆறு லட்சத்துக்கு அந்த வீட்டில் அந்தக் கக்கூஸ் மட்டும் வாங்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

இது போதாதென்று இன்று மேனேஜர் கூப்பிட்டார். பைனான்ஸில் இருந்து புதன்கிழமையே வெரிஃபிகேஷனுக்குப் பேசியிருந்தார்களாம். “கோகிலவாணி, கன்சீவா இருக்கறயாமா? எங்ககிட்டச் சொல்லவே இல்ல. வேலைய விடப்போறதா கேள்விப்பட்டேன்.”

ஆபீசில் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பிரசவ லீவு எடுத்துவிட்டுத் திரும்பி வந்த பெண்கள் இந்தக் கம்பெனியில் எத்தனை பேர் என்பது சம்பளப் பட்டியல் போடுகிற எனக்குத் தெரியாதா? ஒருத்தியும் இல்லை. ஆறாம் மாதம் ஏதோ ஒரு காரணம் சொல்லி, அவர்களாகவே நின்றுகொண்டதாக எழுதி வாங்கிவிடுவார்கள். அந்தக் காகிதத்தை ஃபைல் பண்ணுவதும் நான்தான்.

“விடல சார். லீவு எடுப்பேன், திரும்பி வருவேன்.”

“அத்தன மாசமெல்லாம் எப்படிம்மா…”

“சட்டத்துல இருக்கறது சார். நாந்தானே ஃபார்ம் போடறேன்.”

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது. செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். “பாக்கலாம்” என்றார். எல்லா ஆம்பிளைகளுக்கும் இந்த ஒரு வார்த்தையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

சீட்டில் வந்து உட்கார்ந்தபோது வயிற்றுக்குள் ஏதோ ஒரு துள்ளல். முதல் தடவை. அதற்கும் கோபம் வந்திருக்கும்.

ஜூலை 12, சனி

சண்டை. பெரிய சண்டை. அத்தையைக் கேட்டேன், “நீங்க சொன்ன ஒரு பேச்சுல லோன் போச்சு, என்ற நகை போச்சு, வேலையும் போகப் பாக்குது, தெரியுமா?” என்று. “நான் என்ன இல்லாததயா சொன்னேன்? மானம் மருவாதிக்குத்தான் சொன்னேன்” என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுதால் நான் கெட்டவள். இவர் நடுவில் நின்று, “ரெண்டு பேரும் சித்தே சும்மா இருங்க” என்றார். இவர் அன்றைக்குச் சும்மா இருந்ததால்தானே இந்தக் கதி.

சாயங்காலம் இவர் சம்பளம் வாங்கி, பரோட்டா பார்சல் வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிறகு வயிற்றுப் பிள்ளைக்காக எழுந்து நாலு பரோட்டா தின்றேன். அத்தையும் இரண்டு தின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

இவர் எதுவும் செய்யப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து நானே பைனான்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

“நான் வேலைய விடமாட்டேன்னு ரெண்டு தடவ சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டது எங்க மாமியா சொன்னத. ஏன் சார்?”

அருள்முருகன் சங்கடப்பட்டார். “வீட்டுப் பெரியவங்களே நிறுத்தப்போறம்னா நான் எழுதாம எப்படிங்க மேடம் இருக்கறது? நாளைக்குத் தவணை நின்னா என்னத்தான கேப்பாங்க.”

“சம்பளம் எனக்கு வருதா, எங்க மாமியாளுக்கு வருதா?”

சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உண்மையச் சொல்லட்டுங்களா? வீடு உங்க பேர்லன்னு இருந்திருந்தா ஃபைலே சுலபமா போயிருக்கும். சம்பளம் வாங்கறவங்களே ஓனரும். ஆனா நீங்க வர்றப்பவே சார் பேர்ல அக்ரிமெண்ட் போட்டு எடுத்துட்டு வந்துட்டீங்க.”

ஆடிக்குள் போட வேண்டுமென்று ஓடியது இதற்குத்தான்.

“இப்ப மாத்துனா?”

“அக்ரிமெண்ட்ட உங்க பேருக்கு மாத்தி எழுதிக் கொண்டு வாங்க. சார் வந்து ஒரு லெட்டரும் குடுக்கட்டும். உங்கள வேலைக்கு அனுப்பறதுல ஆட்சேபணை இல்லைன்னு.”

“நான் வேலைக்குப் போக இவர் லெட்டரா?”

“ரூல் இல்லீங்க மேடம். நான் ஏற்கெனவே எழுதுனதுக்கு எதிரா ஒரு காகிதம் வேணுமுங்க.”

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன். மாற்றி எழுதித் தருகிறேன், ஆனால் புதன்கிழமைக்குள் வாருங்கள், ஆடியில் நான் பத்திரத்தாளைத் தொடமாட்டேன் என்றார். ஆடி போன பிறகு எழுதினால், சொன்ன கெடுவுக்குள் லோன் வராது. அட்வான்ஸ் போனது போனதுதான்.

ஆக என் வளையலும் வீடும் இப்போது இவர் வாயில் இருக்கிறது. திறக்கவே திறக்காத அந்த வாயில்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது இவரிடம் சொன்னேன். பேர் மாற்ற வேண்டும், லெட்டர் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீடு இல்லை.

குடம் நிரம்பி வழிந்தது. பிறகு, “அம்மாகிட்ட எப்புடிச் சொல்றது?” என்றார்.

அந்தக் குடத்தை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டேனே, அதற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

ஜூலை 16, புதன்

லீவு போட்டிருந்தேன். இவரும் வேலைக்குப் போகவில்லை. “பைனான்ஸ் ஆபீசுக்குப் போறம், ஒரு கையெழுத்து” என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். நல்ல காரியம் என்று அவரும் கிளம்பி வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வழக்கம்போல.

ஏ.சி. ரூம். அத்தை ஓரத்து நாற்காலியில். அருள்முருகன் இவர் முன்னால் ஒரு வெள்ளைத்தாளையும், கம்ப்யூட்டரில் அச்சடித்த ஒரு லெட்டரையும் வைத்தார். அதைப் பார்த்து எழுதினால் போதும். நானும் எட்டிப் படித்தேன். ‘என் மனைவியை வேலைக்கு அனுப்ப எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.’

இவர் பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடியும் படித்தார்.

“இத நான் எழுத முடியாதுங்க” என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். வீடு போயிற்று, நகை போயிற்று, இந்த மனிதனோடு இனி என்ன பேச்சு என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

“நான் அனுப்பறேன்னு போட்டிருக்குதுங்க. நான் எங்கீங்க அனுப்பறேன்? அது போகுது. நாந்தான் அதுல திங்கறேன்.”

“என்ன பேச்சு பேசற பூபதி?” என்றார் அத்தை.

இவர் திரும்பினார். அம்மா முகத்தை நேராகப் பார்த்து இவர் பேசி நான் பார்த்ததில்லை. குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

“போன வருசம் ஆர்டர் இல்லாம மூணு மாசம் மெஷின் நின்னுச்சும்மா. நான் உனக்குச் சொல்லல. அப்ப அரிசி, வாடகை, பாப்பா பீஸ் அல்லாம் இது சம்பளம். மாசா மாசம் உனக்கு மாத்திரைக்குன்னு அனுப்பறனே, அது ஆரு காசுன்னு நெனச்ச? இன்னிக்கு வரைக்கும் இது காசு. நான் அனுப்பறதாச் சொல்லிச் சொல்லி அனுப்புவேன். இது வேலைய விட்டா வீடு இல்ல, உனக்கு மாத்திரையும் இல்ல. வீடு இது பேர்லயே இருக்கட்டும்.”

அத்தை மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அருள்முருகன் கம்ப்யூட்டரில் எதையோ ரொம்ப உன்னிப்பாகப் பார்த்தார்.

மாத்திரைக் காசு விஷயம் எனக்குத் தெரியும். என் கையால் எடுத்துக்கொடுத்த காசுதானே. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த டைரியில்கூட எழுதியதில்லை. இவர் மானம் போகக்கூடாது என்று. ஊர் உலகத்தில் எல்லாரையும் திட்டுகிற நான், அந்த ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்திருந்தேன்.

“புள்ளைய யார் பாக்கறதுன்னும் அவங்க கேப்பாங்க மாமா” என்றேன்.

“நைட் ஷிப்டுக்கு ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டேன். பகல்ல நான் பாத்துக்கறேன்.”

“எப்பச் சொன்னீங்க?”

“பைனான்ஸ்காரர் வந்துட்டுப் போன அன்னிக்கே.”

அப்போது வந்தது எனக்கு ஒரு கோபம்! இவ்வளவு நாள் வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. “அன்னிக்கே சொல்லிப்போட்டு வந்து, இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியலையா? நான் இங்க பைத்தியக்காரியாட்ட ஆட்டோ புடிச்சு அலைஞ்சுட்டு இருக்கறேன். இந்த வாய் இத்தன வருசமா எங்கீங்க இருந்துச்சு?” என்று அந்த ஏ.சி. ரூமில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்க, கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. வேறு ஒன்றும் இல்லை.

அருள்முருகன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அச்சடித்த அந்த லெட்டரை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, “நீங்க சொன்னதயே எழுதிக் குடுங்க சார், போதும்” என்றார். இவர் தப்பும் தவறுமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேராகச் சென்னியப்பன் வீட்டுக்குப் போனோம். வாங்குபவர்: கோகிலவாணி. சாட்சி: பூபதி.

இருபது லட்சம் வராவிட்டாலும் பதினெட்டு வந்துவிடுமாம். மீதிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. முடியுமா என்றால் முடியும், கையைக் கடிக்கும். மேனேஜர் ‘பாக்கலாம்’ என்றது வேறு அப்படியே நிற்கிறது. நாளைக்கே லீவு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கப்போகிறேன்.

ஜூலை 17, வியாழன்

காலையில் அத்தை ஊருக்குக் கிளம்பினார். நேற்றிலிருந்து என்னோடு ஒரு பேச்சு இல்லை. இவர் வேலைக்குப் போய்விட்டதால் நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பை கனமாக இருக்கிறதே என்று வாங்கப் போனால் கொடுக்கவில்லை. நானும் பிடுங்கவில்லை. வெள்ளகோயில் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் இரண்டு தூண் பக்கம் நின்றோம்.

பஸ் வந்து நின்ற பிறகு, என்னைப் பார்க்காமல், பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார்:

“இனிமே எனக்கு மாத்திரைக்குக் காசு அனுப்ப வேண்டாம்னு பூபதிகிட்டச் சொல்லிப்போடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோஷமாம்! மாத்திரை இல்லையென்றால் ஒரு வாரத்தில் தலைசுற்றி எங்காவது விழுவார். அப்புறம் அதற்கும் நான்தான் ஓட வேண்டும்.

“அனுப்புவேன்” என்றேன். “ஒண்ணாந்தேதி வரும். சின்னவர்கிட்டச் சொல்லி போன்ல யாரு அனுப்புனதுன்னு பாக்கச் சொல்லுங்க. இனிமே எம் பேர்லதான் வரும்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். அத்தை ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, திரும்பாமலே, அந்தக் கனமான பையை என் பக்கமாக நீட்டினார். வாங்கி, அவர் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.